மேலே ஒரு பெயர்

என் அண்ணாவின் மகள் மேல்படிப்புக்காக அமெரிக்கா போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏதோ விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்க சித்தப்பா! கதையில் எத்தனை பேருக்குப் பெயர் வைக்கிறீர்கள்! எனக்கும் ஒரு 'சர்நேம்' வைத்துவிட்டுப் போங்களேன்" என்றாள்.

விஷயம் இதுதான். இத்தனை நாளும் அவளுக்கு ஒரு பெயரும், அதற்கு முன்னால் அப்பாவின் பெயருக்கு அடையாளமாக ஓர் எழுத்தும் போதுமாக இருந்தன. இப்போது அது போதவில்லை. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்த ஒரு பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துவிடுகிறார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பது அதன் பொருள். அதற்குப் பயந்து அப்பாவின் பெயரைச் சர்நேமாகப் போட்டாலோ, அங்கே பாதிப் பேர் அவளை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்புறம் நான் எங்கே போவது, சித்தப்பா?" என்றாள்.

பதில் தெரியாதபோது அகராதியைப் புரட்டுவது என் வழக்கம். வீட்டுக்கு வந்து புரட்டினேன். சர்நேம் என்ற சொல்லுக்கு நேராக, அதே பொருளுடைய சொற்கள் என்று சிலவற்றை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

'லாஸ்ட் நேம்', அதாவது கடைசிப் பெயர், என்பது ஒன்று. சீனர்களும் ஜப்பானியர்களும் ஹங்கேரியர்களும் குடும்பப் பெயரை முதலில் சொல்கிறவர்கள். அவர்களிடம் போய்க் கடைசிப் பெயர் என்றால் என்ன செய்வார்கள்? 'பாட்ரனிமிக்' என்பது இன்னொன்று. அது தந்தையின் பெயரிலிருந்து பிறப்பது. அசல் வழக்கத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. 'காக்னோமென்' என்பது லத்தீன். ரோமானியப் பிரமுகர்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு, இது மூன்றாவது. பெரும்பாலும் எவனோ எப்போதோ வைத்த பட்டப்பெயர், பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய பேச்சாளரான சிஸரோவின் பெயருக்குக் கொண்டைக்கடலை என்று பொருள். முன்னோர் ஒருவருக்கு மூக்கு நுனியில் கடலையில் இருப்பதுபோல ஒரு பிளவு இருந்ததாம். அரசியலில் இறங்கும்போது இந்தப் பெயரை விட்டுவிடு என்று நண்பர்கள் சொல்லியும் அவர் விடவில்லை என்று புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார்.

சர்நேம் என்ற சொல்லோ பிரெஞ்சிலிருந்து வந்தது. 'சர்' என்றால் மேலே. 'நோம்' என்றால் பெயர். பெயருக்கு மேல் ஒரு பெயர், அவ்வளவுதான். 'சயர்' என்றால் தகப்பன், ஆகையால் இது தகப்பன் பெயர் என்று எண்ணி, எழுத்துக்கூட்டையே மாற்றி எழுதிய ஆங்கிலேயர்களும் முன்பு இருந்தார்கள். அது தவறு. தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்குத் தகப்பனோடும் குடும்பத்தோடும் சம்பந்தமே இல்லை. ரிச்சர்டு என்ற அரசனைச் 'சிங்க நெஞ்சன்' என்றார்களே, அதுதான் சர்நேம். அது அவனோடு சரி, பிள்ளைக்குப் போகாது.

பிறகு எப்படிப் போயிற்று? 1066-ல் இங்கிலாந்தை வென்ற நார்மன் பிரபுக்கள், தங்கள் நிலம் இருந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நிலம் மகனுக்குப் போனபோது பெயரும் கூடவே போயிற்று. குடியானவர்களிடையே அந்த வழக்கம் பரவச் சில நூற்றாண்டுகள் ஆயின. ஒரே கிராமத்தில் ஜான்கள் நாலு பேர் இருந்தால் என்ன செய்வது? மலையடி ஜான், கொல்லன் ஜான், ராபின் மகன் ஜான், குட்டை ஜான் என்றார்கள். ஹில், ஸ்மித், ராபின்ஸன், ஷார்ட் என்று இன்று நாம் கேட்கும் பெயர்கள் அப்படி வந்தவை.

நாலு ஜான்களை அடையாளம் கண்டுகொள்ள ஊராருக்குப் புத்தகம் தேவையில்லை. வரி வசூலிக்க வந்தவனுக்குத்தான் தேவை. 1377, 1379, 1381 ஆகிய வருஷங்களில் இங்கிலாந்தில் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். முதல் தடவை பதினாலு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் நாலு பென்ஸ் கொடுக்க வேண்டும். மூன்றாம் தடவை அது பன்னிரண்டு பென்ஸ் ஆயிற்று. தலையை எண்ண வேண்டுமானால் தலைக்கு ஒரு சீட்டு ஒட்டவேண்டும் அல்லவா? பெயர்கள் ஏட்டில் ஏறின. 1381-ல் ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்களுடைய தலைவனைச் சரித்திரம் வாட் டைலர் என்கிறது. டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்கிறவன். வரியை எதிர்த்து உயிரை விட்டவனுக்கும் வரி ஏட்டின் ஜாடையில்தான் பெயர் நிலைத்தது.

1400-க்குள் ஆங்கிலேயரில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர்கள் பரம்பரைச் சொத்தாகிவிட்டன. கொல்லனின் மகன் தையல்காரனான பிறகும் அவனை ஊரார் ஸ்மித் என்றே அழைத்தார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் சர்நேம் உண்மையாகப் பிறந்தது. பொருள் செத்துப்போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

ஏட்டுக்காகப் பெயர் என்பது இதைவிட அப்பட்டமாக நடந்த இடமும் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு மேற்பெயர். அல்லது ஊர் முழுவதற்கும் ஒரு புனிதரின் பெயர். வரிக்கணக்கு குழம்பியது. 1849-ல் கவர்னர் ஜெனரல் கிளாவெரியா ஓர் உத்தரவு போட்டார். அகர வரிசையில் பெயர்களை அடுக்கி ஒரு பெரிய பட்டியல் தயாராயிற்று. அதன் பக்கங்களை ஊர் ஊராகப் பங்கிட்டு அனுப்பினார்கள். எந்தப் பக்கம் வந்ததோ அதிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டியது. இதனால் சில ஊர்களில் அநேகமாக எல்லோருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கலாயிற்று.

பெண்களின் கதை வேறு. மனைவி கணவனின் சர்நேமை ஏற்கவேண்டும் என்று ஆங்கிலச் சட்டத்தில் கிடையாது, வெறும் வழக்கம். ஆனால் வழக்கத்துக்குப் பல் உண்டு. அமெரிக்காவில் லூஸி ஸ்டோன் என்ற அம்மாள், அடிமை முறையை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவர், 1855-ல் ஹென்றி பிளாக்வெல் என்பவரை மணந்தார். மணந்த பிறகும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1879-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் பள்ளிக் கமிட்டித் தேர்தலுக்கு மட்டும் பெண்களுக்கு வோட்டுக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் அதற்காகப் போராடியவர் ஆசையோடு போய்ப் பதிவு செய்துகொண்டார். கணவர் பெயரில்தான் பதியலாம் என்றார்கள் அதிகாரிகள். அவர் மறுத்தார். ஜாபிதாவிலிருந்து அவருடைய பெயரை அடித்துவிட்டார்கள். 1893-ல் அந்த அம்மாள் காலமானார், வோட்டுப் போடாமலே.

சர்நேம் இல்லாமல் காலம் தள்ள முடியாதா என்றால், முடியும். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள், அவ்வளவே. கல்யாணத்தால் அது மாறுவதில்லை. டெலிபோன் புத்தகத்திலேகூடச் சொந்தப் பெயரைக் கொண்டுதான் வரிசைப்படுத்தினார்கள். 1980 முதல் 1996 வரை அங்கே ஜனாதிபதியாக இருந்தவர் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர். ஃபின்போகியின் மகள் விக்டிஸ் என்று பொருள். நாடு அவரை விக்டிஸ் என்றே அழைத்தது.

நம்முடைய ஓரெழுத்தும் இந்த ஐஸ்லாந்துக் கட்சிதான். நமக்கும் மேற்பெயர் இருந்தது. அது சாதியின் பெயர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. பட்டங்கள் உதிர்ந்த இடத்தில் அந்த ஒற்றை எழுத்து எஞ்சி நிற்கிறது. யாருடைய குழந்தை என்று மட்டும் அது சொல்லும். எந்தக் கூட்டத்துக் குழந்தை என்று சொல்லாது. அதையும் ஒரு தலைமுறைதான் சொல்லும். பிறகு அடக்கமாக விலகிக்கொள்ளும். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லாவிட்டால், குறை நம்முடையதல்ல.

அடுத்த ஞாயிறு இவ்வளவையும் அண்ணா மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அன்றைக்கே அனுப்பிவிட்டேன், சித்தப்பா. அப்பா பெயரைத்தான் போட்டேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே?" என்றாள்.

அண்ணா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும், பக்கம் புரளவில்லை. நான் அவரை அண்ணா என்பேன். மன்னி பெயரே சொல்லமாட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஸார்'. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எங்கள் அப்பாவும் அம்மாவும்தான். அவர்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. இனிமேல் எங்கேயோ கடல் தாண்டி ஒரு கல்லூரி வகுப்பில், தினம் காலையில் யாரோ ஒருவர் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடப்போகிறார்.