பேட்மிண்டன் என்றால் எது?

மலர்க் குழுவினர் "நம்ம காலத்து விளையாட்டைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். கிரிக்கெட் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் பூப்பந்தைப் பற்றி எழுதுகிறேன்.

இன்றைய மாணவர்களுக்குப் பேட்மிண்டன் என்றால் இறகுப்பந்து. நாங்கள் படித்தபோது அப்படியில்லை. பேட்மிண்டன் என்றாலே மஞ்சள் கம்பளிப் பந்துதான். இறகை வைத்து ஆடுவதை "ஷட்டில்" என்று தனியாகச் சொல்வோம், ஏதோ பணக்கார வீட்டுச் சம்பந்தி மாதிரி.

பூப்பந்து நம் பக்கத்து ஊர் ஆட்டம். 1856-லேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் இதை ஆடினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் காலமானது 1855-ல். ராஜ்யம் போயிற்று, ஆட்டம் மிஞ்சியது! ஷட்டிலுக்கும் நம் நாட்டு ஒட்டு உண்டு. புனாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் ஆடி விதிகள் வகுத்து, இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார்கள். அங்கே 1893-ல் சங்கம் வைத்தார்கள். பேட்மிண்டன் என்ற பெயர் அங்குள்ள ஒரு பிரபுவின் மாளிகைப் பெயர்.

இரண்டிலும் மட்டை உண்டு, வலை உண்டு, சர்வீஸைக் கீழிருந்துதான் போட வேண்டும். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான். ஷட்டில் காக் ஐந்து கிராம் சுமார், பதினாறு இறகுகள். கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பூப்பந்துக்கு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் மூன்றரை மடங்கு வரும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். "ஃபைவ்ஸ்" என்று பெயரே அப்படி. இரட்டையரும் உண்டு, ஆனால் கூட்டம் கூடுவது ஃபைவ்ஸுக்குத்தான். அந்தக் காலத்தில் 29 பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம் என்று இருந்தது. ஷட்டிலில் சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட், 15-க்கு கேம் என்று இருந்ததை 2006-ல் மாற்றி, யார் ஜெயித்தாலும் பாயிண்ட், 21-க்கு கேம் என்றாக்கினார்கள்.

இந்த வித்தியாசத்துக்கெல்லாம் வேர் காற்றுதான் என்பது என் கட்சி. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கல்லூரிக்கு வந்தவன். ஆடி மாதம் காவிரிப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். அம்மியே பறக்கும் என்பார்கள். ஐந்து கிராம் இறகு என்ன செய்யும்? ஷட்டிலுக்குக் கூரையும் நாலு சுவரும் வேண்டும். கம்பளிப் பந்து காற்றைக் கொஞ்சம் மதிக்கும், ஆனால் பயப்படாது. இரண்டு கம்பம் நட்டு, செம்மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆட்டம் தயார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், ஒரே பந்தில். கையில் காசில்லாத பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விதி மாறினால் ஆடுகிற ஆளே மாறிவிடுவார். அமெரிக்காவின் சாஃப்ட்பாலைப் பாருங்கள். 1887-ல் சிகாகோவில் கூரைக்குக் கீழே பிறந்த ஆட்டம், பின்னால் இரண்டாகப் பிரிந்தது. வேகப் பந்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து போடுபவரே ராஜா. மெதுப் பந்தில் பந்து வளைந்து உயரே எழும்பி இறங்க வேண்டும், பத்துப் பேர் நிற்பார்கள், அடிக்கிறவருக்குத்தான் கொண்டாட்டம். ஆபீஸ் விட்டு வருகிறவர்களும் தொந்தி வைத்தவர்களும் சேர்ந்து ஆடுவது இந்த இரண்டாவதைத்தான். 1996-ல் ஒலிம்பிக்ஸுக்குப் போனதோ வேகப் பந்து, அதுவும் பெண்களுக்கு. பெரும் கூட்டம் ஆடுவது ஒன்று, மேடை ஏறியது இன்னொன்று.

நம் கதையும் இதுதான். பூப்பந்துக்கு 1954-ல் தேசிய சம்மேளனம் வந்தது. ஆந்திரத்தின் பிச்சையாவுக்கு 1970-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. ரயில்வேயில் இந்த ஆட்டத்தால் வேலை பெற்றவர்கள் உண்டு. பொன்மலைப் பக்கம் போனால் இதைச் சொல்லாத வீடு குறைவு. ஆனால் ஷட்டில் 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் பதக்க ஆட்டமானது. பூப்பந்து ஆசிய விளையாட்டுக்கும் போகவில்லை.

அதனால் வந்த வினை ஒன்று. என் வகுப்புத் தோழன் ஒருவன் பல்கலைக்கழக அணியில் ஆடியவன். சான்றிதழில் வெறுமனே "பேட்மிண்டன்" என்று அடித்துவிட்டார்கள். ஒரு நேர்முகத் தேர்வில், "ஷட்டில் ஆடிக் காட்டுப்பா" என்று உள்ளரங்கத்துக்கு அழைத்துப் போனார்களாம். "சார், நான் ஆடுறது பால் பேட்மிண்டன்" என்றான். "அப்படின்னா?" என்று கேட்டார் அதிகாரி. வேலை கிடைக்கவில்லை. அவன் பிறகு மளிகைக் கடை வைத்து நன்றாகவே இருக்கிறான், அது வேறு விஷயம். "அப்படின்னா?" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றும் திருப்பித் திருப்பிச் சொல்லுவான்.

இப்போது ஆடுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சான்றிதழை வாங்கியவுடன் படித்துப் பாருங்கள். "பால்" என்ற சொல் விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்று, திருத்தி, முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.