தனிமனித வஞ்சமும் வீரமும்: ‘பனிஷர்’ என்னும் சித்திரக்கதைப் பாத்திரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1974ஆம் ஆண்டு பெப்ரவரி எனத் திகதியிடப்பெற்று வெளிவந்த ஸ்பைடர்மன் சித்திரக்கதையின் 129ஆவது இதழிலே, மார்பில் வெண்ணிற மண்டையோட்டுச் சின்னந் தாங்கிய பாத்திரமொன்று முதன்முறையாகத் தோன்றிற்று. ‘பனிஷர்’, அதாவது தண்டிப்பவன், என்பது அதன் பெயர். கதாசிரியர் ஜெரி கொன்வே அதனைக் கதைத்தலைவனாகப் படைக்கவில்லை. வில்லனொருவனின் பொய்யை நம்பி ஸ்பைடர்மனைக் கொல்ல முற்படுபவனாகவே அறிமுகப்படுத்தினார். அத்தகைய பாத்திரம் 1986இல் குறுந்தொடரொன்றினதும், 1987 முதல் தனித்தொடரொன்றினதும் நாயகனாக உயர்ந்தமை வெறும் வணிகத் தற்செயல் அன்று.

இவ்வுயர்ச்சியின் தன்மையை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் அவசியம். 1938இலே ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு யூத இளைஞர் படைத்த சுப்பர்மேன், பொருளாதார மந்தத்தின் குழந்தை. அத்தொடரின் தொடக்க இதழ்களிலே அவன் எதிர்கொண்டோர் ஆயுத உற்பத்தியாளரும், பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை இறக்கிய முதலாளியுமாவர். அம்முதலாளியையும் அவனது விருந்தினரையும் அதே சுரங்கத்துள் அகப்படச் செய்து பாடம் புகட்டுகின்றான். 1939இன் தொடக்கத்தில், சேரிக் குடியிருப்புகளை இடித்து அரசாங்கத்தைப் புதிய வீடுகள் கட்டும் நிலைக்குத் தள்ளுகின்றான். இதனை மிகைப்படுத்துதல் தகாது. சுரங்கத் தொழிலாளர் அக்கதையிலே தமக்காகத் தாம் போராடுவதில்லை. முதலாளி மனந்திருந்துவதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகின்றது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரிலே மோட்டார்த் தொழிலாளர் 44 நாள்கள் தொழிற்சாலைகளுள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தஞ் செய்து வெற்றி பெற்றிருந்தனர். எனினும், துன்பத்துக்குச் சமூகக் காரணம் உண்டு என்னும் உணர்வேனும் அக்கதைகளில் இருந்தது.

1954இலே பதிப்பாளர் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகள், பொலிஸாரையும் நீதிபதிகளையும் மதிப்பிழக்கச் செய்யும் சித்திரிப்புகளைத் தடைசெய்தன. 1971இல் அவை தளர்த்தப்பட்டன. தளர்ந்த அவ்விடைவெளியூடாகச் சமூக விமர்சனமும் புகுந்தது, பனிஷரும் புகுந்தான்.

பிராங்க் காஸில் என்னும் இயற்பெயருடைய பனிஷர் வியட்னாம் போரிலே பங்குகொண்ட படைவீரன். நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவிலே பாதாளக் கும்பலொன்று அவனுடைய மனைவி மக்களைச் சுட்டுக்கொல்கின்றது. அதன்பின் குற்றவாளிகளெனத் தான் கருதுவோரைக் கொல்வதே அவன் வாழ்வாகின்றது. இப்பூர்வகதை வாசகருக்கு விரித்துரைக்கப்பட்ட 1975ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. ஆயிரக்கணக்கான நகரசபை ஊழியர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். மறு ஆண்டிலே நகரப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது. இவற்றை விளைவித்தோர் எவரும் பனிஷரின் துப்பாக்கிக்கு இலக்காகவில்லை. அவனுடைய உலகில் நகரின் அழிவுக்குக் காரணம் தெருக்கோடியிலே நிற்கும் குற்றவாளியே. வங்கியும் வாடகையும் அங்கு இல்லை.

அவனிடம் துணிவு இல்லை என்று எவரும் கூறார். ஆனால் துணிவு மாத்திரம் வீரமாகிவிடுவதில்லை. எரிக் ஹொப்ஸ்பாம் 1969இல் வெளியிட்ட கொள்ளையர் பற்றிய நூலிலே ‘பழிவாங்குவோர்’ என ஒரு வகையினரைச் சுட்டுவார். கொடூரமே அவர்தம் அடையாளம். ஆயினும் ஒடுக்கப்பட்ட விவசாயிகள் தமது ஆற்றாமைக்கு விடையாக அவர்களைக் கண்டனர். பனிஷருக்கு அத்தகைய மக்கள் இல்லை. அவனுக்குச் சோறிட்டு ஒளித்துவைக்கும் கிராமம் இல்லை. அவன் வென்றால் மகிழவும் வீழ்ந்தால் அழவும் ஒரு வர்க்கம் இல்லை. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை யாவும் ஒரே மூளையினுள் நிகழ்கின்றன. அரசு புரியும் வன்முறையை அவன் எதிர்ப்பதில்லை. அது போதாது என்பதே அவன் குறை.

வியட்னாமிலிருந்து மீண்டோருக்கு வேறு வழி இருக்கவில்லையா? 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான முன்னாட் படைவீரர் வாஷிங்டனிலே கூடி, போரிலே தாம் பெற்ற பதக்கங்களை நாடாளுமன்றக் கட்டிடமாகிய கப்பிடல் மாளிகையின் முன் வீசியெறிந்தனர். இழப்பு அவர்களுக்கும் இருந்தது, கோபமும் இருந்தது. அக்கோபத்தைப் போரை நடத்தியோர்பால் அவர்கள் திருப்பினர். அதுவும் தனித்தன்றி, அமைப்பாகத் திரண்டு. தாம் செய்தவற்றையே பொதுவிற் சாட்சியமாகக் கூறும் துணிவு அவர்களுட் பலருக்கு இருந்தது. பிராங்க் காஸிலுக்கு இது என்றும் கைவராதது. அவன் போரை முடிக்கவில்லை, ஊருக்குக் கொண்டுவந்தான்.

மண்டையோட்டுச் சின்னத்தின் பிற்கால வரலாறு இதனை மேலுந் தெளிவாக்கும். ஈராக்கிலே போரிட்ட அமெரிக்கக் கடற்படைச் சிறப்புப் பிரிவினர் அதனைத் தமது சின்னமாக்கினர். பின்னர் பொலிஸ் வாகனங்களிலும் அது ஒட்டப்பட்டது. கொன்வே இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 2019இல் வெளிவந்த ஓர் இதழிலே பனிஷரே பொலிஸாரின் ஒட்டியைக் கிழித்தெறிந்து அவர்களைக் கடிந்துகொள்கிறான். நல்ல நோக்கந்தான்! ஆனால் 2021 ஜனவரி 6ஆம் திகதி கப்பிடலைத் தாக்கிய கும்பலினரிடையே, 50 ஆண்டுகளுக்கு முன் பதக்கங்கள் எறியப்பட்ட அதே மாளிகையிலே, அந்த மண்டையோடு மீண்டுங் காணப்பட்டது. அவர்கள் பாத்திரத்தைத் தவறாக வாசித்தனர் என்று கூறுவோர் உளர். சட்டத்துக்கு மேலாகத் தன் சினத்தை நிறுத்தும் தனிமனிதனையே அவர்கள் வாசித்தனர். அவன் அப்பக்கங்களில் இருக்கவே செய்கின்றான். 2022இலே மார்வல் நிறுவனம் சின்னத்தின் வடிவத்தை மாற்றிற்று.