ஐசிசி டிராபி (உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி)

ஐசிசி டிராபி என்பது டெஸ்ட் தகுதி பெறாத நாடுகளின் ஆண்கள் கிரிக்கெட் அணிகளுக்காக 1979இல் தொடங்கப்பட்ட, ஓவர் வரம்புள்ள பன்னாட்டுப் போட்டி. ஒருநாள் உலகக் கோப்பையில் சிறிய அணிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் யாருக்கு என்று முடிவு செய்வதே இதன் வேலை. 2005 வரை இந்தப் பெயரிலேயே எட்டு முறை நடந்தது. 2009 முதல் ‘உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி’ என்ற பெயரில் மேலும் நான்கு முறை நடந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தொடராக எண்ணுவோர் பன்னிரண்டு பதிப்புகள் என்பார்கள். 2018இல் மேற்கிந்தியத் தீவுகள் போன்ற பெரிய அணிகளும் இதில் ஆட வேண்டி வந்த பிறகு, பழைய டிராபி 2005உடன் முடிந்துவிட்டது என்று கொள்வோரும் உண்டு.

இந்தத் தொடர் ஒருமுறைகூட இந்தியாவில் நடந்ததில்லை. ஆனால் இதன் வழியே மேலே வந்த அணிகளின் மறக்க முடியாத நாட்கள் சில, பெங்களூரு சின்னசாமி மைதானத்தில்தான் அரங்கேறின. 2009 தகுதிப் போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பிடித்த அயர்லாந்து, கனடா, நெதர்லாந்து, கென்யா ஆகிய நான்கும் அங்கே உலகக் கோப்பை ஆட்டம் ஆடியுள்ளன.

பின்னணி

1965இல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பு தன் பெயரை மாற்றிக்கொண்டு, டெஸ்ட் ஆடாத நாடுகளையும் இணை உறுப்பினராகச் சேர்த்தது. முதலில் நுழைந்தவை அமெரிக்கா, இலங்கை, பிஜி. அதற்கு வெகு காலம் முன்பே இலங்கை அணி தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அறிமுகமாகியிருந்தது. 1947இல் சேப்பாக்கத்தில் 215 ரன் குவித்த மகாதேவன் சதாசிவம், பின்னர் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1952–53 முதல் சென்னை அணியும் இலங்கை அணியும் எம். ஜே. கோபாலன் கோப்பைக்காக மோதிவந்தன. இணை உறுப்பு நாடுகளுக்கென்று தனிக்கோப்பை இல்லாத அந்தக் காலத்தில், இலங்கை வீரர்களுக்குக் கிடைத்த நல்ல பயிற்சிக் களங்களில் அதுவும் ஒன்று.

1975இல் நடந்த முதல் உலகக் கோப்பைக்கு இலங்கையும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அழைப்பின் பேரில் வந்தன. அடுத்த முறை ஆடித்தான் வர வேண்டும் என்று ஆயிற்று.

1979 – 1990

முதல் போட்டி இங்கிலாந்தில் 15 அணிகளுடன், 60 ஓவர் ஆட்டங்களாக நடந்தது. அரசியல் காரணத்தால் இஸ்ரேலுடன் ஆட இலங்கை மறுத்துவிட்டது. அந்த ஆட்டத்தின் புள்ளிகள் இஸ்ரேலுக்குப் போயின. அப்படியும் இலங்கை அரையிறுதிக்கு முன்னேறி, டென்மார்க்கை வென்று, வூஸ்டரில் நடந்த இறுதியாட்டத்தில் கனடாவை 60 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இந்த இறுதியாட்டம் நடந்த நாள் ஜூன் 21. அதற்குள் இரு அணிகளும் உலகக் கோப்பையிலேயே ஆடி முடித்திருந்தன. இலங்கை அங்கே இந்தியாவை 47 ரன்னில் வென்றும் இருந்தது. இரண்டு ஆண்டில் இலங்கைக்கு முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது. அந்தத் தகுதிக்கு டிராபி வெற்றி காரணமா, இந்தியாவை வென்றது காரணமா என்பதில் எழுதுவோர் ஒரு கருத்தில் இல்லை. இரண்டும் சேர்ந்தே எடை கூட்டியிருக்கலாம்.

1982, 1986, 1990 என்று அடுத்த மூன்று கோப்பைகளும் ஜிம்பாப்வே வசமாயின. 1986இல் கேனக் மைதானத்தில் ஜிப்ரால்டருக்கு எதிராக பப்புவா நியூ கினி 9 விக்கெட்டுக்கு 455 ரன் எடுத்தது, இந்தத் தொடரை நேசிப்பவர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் கணக்கு. ஜிம்பாப்வே உலகக் கோப்பையிலும் வெறும் விருந்தாளியாக இருக்கவில்லை. 1983இல் ஆஸ்திரேலியாவை 13 ரன்னில் வென்றது. 1987இல் ஹைதராபாத்தில் டேவ் ஹௌட்டன் 142 ரன் விளாசியும் நியூசிலாந்திடம் மூன்றே ரன்னில் தோற்றது.

1994, 1997

நைரோபியில் 1994இல் நடந்த போட்டியில் சொந்த மண்ணின் கென்யாவை ஐக்கிய அரபு அமீரகம் இறுதியில் 2 விக்கெட்டில் வென்றது. அமீரக அணியில் பெரும்பாலோர் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஆடிப் பழகி, பிழைப்புக்காக வளைகுடா போனவர்கள். அதை நியாயமற்றது என்றார்கள் எதிரணியினர். வேலை செய்து வாழும் நாட்டுக்கு ஆடுவதில் என்ன தவறு என்ற வாதமும் எழுந்தது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) பின்னர் தகுதி விதிகளை இறுக்கியது. கென்யாவும் 1996 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னுக்குச் சுருட்டித் தன் தரத்தைக் காட்டியது.

1997 போட்டி கோலாலம்பூரில் நடந்தது. வங்கதேசம் இன்றைய இடத்துக்கு வந்த பாதை அங்கேதான் தொடங்குகிறது. நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மழை குறுக்கிட்டு, 33 ஓவரில் 141 ரன் இலக்கு என்றானது. நான்கு விக்கெட் 15 ரன்னுக்கே போய்விட்டது. கேப்டன் அக்ரம் கான் ஆட்டமிழக்காமல் 68 அடித்துக் கரை சேர்த்தார். அந்த ஆட்டம் கைநழுவியிருந்தால் அந்த நாட்டின் கிரிக்கெட் வரலாறு பல ஆண்டு தள்ளிப்போயிருக்கும் என்று வங்கதேசத்தவர் பலர் நம்புகிறார்கள்.

இறுதியாட்டம் கென்யாவுடன். ஸ்டீவ் டிக்கோலோ 147 எடுக்க, கென்யா 241. மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போய், 25 ஓவரில் 166 என்று இலக்கு மாறியது. கடைசி ஓவரில் 11 ரன் வேண்டும்; முதல் பந்தையே காலித் மசூத் சிக்ஸருக்குத் தூக்கினார். கடைசிப் பந்தில் ஒரு ரன் வேண்டும். ஹசிபுல் ஹுசைன் லெக் பையாக ஓடி எடுத்தார். நாள் 1997 ஏப்ரல் 13. பயிற்சியாளர் கார்டன் கிரீனிட்ஜ். மூன்று ஆண்டு கழித்து டெஸ்ட் தகுதி.

இவ்விரு இறுதி அணிகளையும் இந்தியா 1998 மே மாதம் முத்தரப்புத் தொடருக்கு அழைத்தது. வங்கதேசம் தன் முதல் ஒருநாள் வெற்றியை ஹைதராபாத்தில் கென்யாவுக்கு எதிராகக் கண்டது. மூன்று நாளில் கென்யா பெங்களூருக்கு வந்து இந்தியாவுடன் ஆடித் தோற்றது. ஆனால் அதே மாதம் குவாலியரில் அதே இந்தியாவை 69 ரன்னில் வீழ்த்தியது.

2001, 2005

கனடாவில் நடந்த 2001 போட்டியின் இறுதியும் கடைசிப் பந்து வரை போனது. நெதர்லாந்து நமீபியாவை வென்றது. மூன்றாம் இடம் பிடித்த கனடா 2003 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கொழும்பில் பிறந்த சஞ்சயன் துரைசிங்கம் அந்த உலகக் கோப்பையில் கனடாவுக்குப் பந்துவீசினார். அயர்லாந்தில் 2005இல் ஸ்காட்லாந்து கோப்பையை வென்றது. அப்போது தகுதி பெற்ற பெர்முடா, 2007இல் இந்தியாவிடம் 257 ரன்னில் தோற்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் சிறைக் காவல் வண்டி ஓட்டுநரான ட்வெய்ன் லெவராக், கர்நாடகத்தின் ராபின் உத்தப்பாவை ஸ்லிப்பில் ஒரு கையால் பாய்ந்து பிடித்த கேட்சைத்தான் இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

2009 தகுதிப் போட்டியும் பெங்களூரு ஆட்டங்களும்

தென்னாப்பிரிக்காவில் 2009 ஏப்ரலில் நடந்த போட்டியில் அயர்லாந்து இறுதியில் கனடாவை 9 விக்கெட்டில் வென்றது. முதல் நான்கு அணிகளுக்கு 2011 உலகக் கோப்பையில் இடம். ஒரே ஒரு படி கீழே, ஐந்தாம் இடத்தில் நின்றது ஆப்கானிஸ்தான்.

2011 மார்ச்சில், இரண்டே வாரத்துக்குள் சின்னசாமி மைதானத்தில் சிறிய அணிகளின் ஆட்டங்கள் நான்கு நடந்தன. முதலாவது மார்ச் 2, இங்கிலாந்து – அயர்லாந்து. மூன்று நாள் முன்பு இதே மைதானத்தில்தான் இங்கிலாந்து இந்தியாவின் 338 ரன்னைச் சமன் செய்து ‘டை’ ஆக்கியிருந்தது. அயர்லாந்துக்கு எதிராகவும் 327 எடுத்தது: ஜோனதன் ட்ராட் 92, இயன் பெல் 81, கெவின் பீட்டர்சன் 59. ஜான் மூனி நான்கு விக்கெட் எடுத்திராவிட்டால் 350ஐத் தாண்டியிருக்கும்.

அயர்லாந்து இன்னிங்ஸின் முதல் பந்திலேயே கேப்டன் வில்லியம் போர்ட்டர்ஃபீல்ட், ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் போல்டு. 25ஆவது ஓவரில் 5 விக்கெட்டுக்கு 111. ஆட்டம் முடிந்தது என்று யாரும் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறாவதாக இறங்கிய கெவின் ஓ’பிரையனின் தலைமுடி ரோஜா நிறத்தில் இருந்தது. புற்றுநோய் நிதிக்காக அணியினர் போட்டுக்கொண்ட சாயம். அவரும் அலெக்ஸ் குசாக்கும் ஆறாவது விக்கெட்டுக்கு 162 ரன் சேர்த்தார்கள். 91இல் இருந்தபோது ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் அவருடைய கேட்சைத் தவறவிட்டார். 50 பந்தில் சதம். அதுவரை உலகக் கோப்பையின் அதிவேகச் சதமாக இருந்தது மாத்யூ ஹேடனின் 66 பந்துச் சதம். அதைவிட 16 பந்து குறைவு. 63 பந்தில் 113 எடுத்து, 13 பவுண்டரி 6 சிக்ஸருடன் ரன் அவுட் ஆனார். கடைசி ஓவரின் முதல் பந்தை மூனி எல்லைக்கு அனுப்பினார்; 49.1 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 329, மூன்று விக்கெட்டில் வெற்றி.

உலகக் கோப்பையில் அதற்குமுன் எந்த அணியும் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி வென்றதில்லை. அந்தச் சாதனையும் ஓ’பிரையனின் 50 பந்துச் சதமும் 12 ஆண்டு நின்றன. 2023 அக்டோபரில், சில நாள் இடைவெளியில் இரண்டும் உடைந்தன: சதம் டெல்லியில் எய்டன் மார்க்ரமிடமும், துரத்தல் ஹைதராபாத்தில் பாகிஸ்தானிடமும்.

மார்ச் 6இல் இதே அயர்லாந்து இந்தியாவை எதிர்கொண்டது. போர்ட்டர்ஃபீல்ட் 75 எடுத்தும் அணி 207க்குச் சுருண்டது; யுவராஜ் சிங் 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்து, அரைசதமும் அடித்தார். ஆனாலும் இந்தியா ஐந்து விக்கெட்டை இழந்த பிறகே கரை ஏறியது. சச்சின் டெண்டுல்கரையும் மகேந்திர சிங் தோனியையும் எல்பிடபிள்யூ ஆக்கிய ஜார்ஜ் டாக்ரெலுக்கு வயது 18.

மார்ச் 13இல் ஆஸ்திரேலியாவின் 324 ரன்னுக்கு எதிராகக் கென்யாவின் காலின்ஸ் ஒபூயா ஆட்டமிழக்காமல் 98. இரண்டே ரன்னில் கைவிட்டுப்போன அந்தச் சதம், தோல்விகளுக்கு இடையே அந்த அணிக்கு மிஞ்சிய நல்ல நினைவு. மார்ச் 16இல் கனடாவின் ஹிரல் படேல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களை அஞ்சாமல் அடித்து 45 பந்தில் 54 எடுத்தார். அந்த உலகக் கோப்பையின் கனடா அணியில் சென்னையில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய லெக் ஸ்பின்னர் பாலாஜி ராவும் இருந்தார்.

இந்த ஆட்டங்களின் சூடு ஆறுமுன்பே, 2011 ஏப்ரலில், அடுத்த உலகக் கோப்பையில் முழு உறுப்பினர்களான பத்து நாடுகள் மட்டுமே ஆடும் என்று சர்வதேச கவுன்சில் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஜூனில் அதைக் கைவிட்டு, 2015இல் 14 அணிகளுக்கு இடம் தந்தது. கவுன்சிலை மனம் மாற வைத்தவற்றில் மார்ச் 2 ஆட்டமும் ஒன்று என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்படி நினைக்க நியாயம் இருக்கிறது. ஆனால் 2019, 2023 உலகக் கோப்பைகள் பத்து அணிகளாகவே குறுகின.

ஆப்கானிஸ்தான்

2007இல் தொடங்கிய உலக கிரிக்கெட் லீக், தகுதிப் போட்டிக்கு ஏறும் படிக்கட்டாக அமைந்தது; 2019 வரை நடந்தது. ஆப்கானிஸ்தான் 2008இல் ஜெர்சி தீவில் ஐந்தாம் பிரிவில் தொடங்கி, ஒவ்வொரு பிரிவாக ஏறி 2009 தகுதிப் போட்டிக்கு வந்தது. 2018 மார்ச்சில் ஹராரேயில் மேற்கிந்தியத் தீவுகளை 7 விக்கெட்டில் வென்று கோப்பையைத் தூக்கியது. அதே போட்டியில் ஸ்காட்லாந்து ஐந்து ரன்னில் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. மழையும், ரிச்சி பெரிங்டனுக்குக் கொடுக்கப்பட்ட எல்பிடபிள்யூவும் அதற்குக் காரணம் என்பது ஸ்காட்லாந்து தரப்பின் குறை. மறுபரிசீலனை வசதி அங்கே இல்லை.

மூன்று மாதத்துக்குள், ஜூன் 14இல், ஆப்கானிஸ்தான் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைப் பெங்களூரில் ஆடியது. ஷிகர் தவன் உணவு இடைவேளைக்கு முன்பே சதம் கண்டார். சென்னையின் முரளி விஜய் 105. இந்தியா 474, ஆப்கானிஸ்தான் 109, 103. இரண்டே நாளில் முடிந்தது. அஸ்வின் முதல் இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தார். பத்து ஆண்டுக்குமுன் ஐந்தாம் பிரிவில் ஆடிய அணி அன்று டெஸ்ட் ஆடியது என்பதையும் இந்த ஸ்கோர் அட்டையின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் இதே மைதானத்தில் இருபது ஓவர் ஆட்டத்தில் இந்தியாவின் 212 ரன்னைச் சமன் செய்து, இரண்டு சூப்பர் ஓவர் வரை இழுத்துச் சென்றதும் இதே ஆப்கானிஸ்தான்தான்.

2023ம் பின்னும்

2023 தகுதிப் போட்டியும் ஜிம்பாப்வேயில் நடந்தது, இரண்டே இடங்கள். அமீரக அணியில் சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பனும் விருத்தியா அரவிந்தும் ஆடினார்கள். மேற்கிந்தியத் தீவுகளும் நெதர்லாந்தும் 374இல் சமன் ஆயின. விஜயவாடாவில் பிறந்த தேஜா நிடமனூரு 111 எடுத்தார். சூப்பர் ஓவரில் லோகன் வான் பீக் 30 ரன் அடித்து வென்றார். மேற்கிந்தியத் தீவுகள் முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வெளியே நின்றது. இறுதியில் இலங்கை நெதர்லாந்தை 128 ரன்னில் வென்றது.

நெதர்லாந்து உலகக் கோப்பைக்குத் தயாரானது பெங்களூரை ஒட்டிய ஆலூர் மைதானத்தில். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச்சாளர்கள் தேவை என்று அணி விளம்பரம் செய்ய, ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். தேர்வான நால்வரில் ஒருவர், சென்னையில் உணவு டெலிவரி வேலை பார்த்துவந்த இடதுகை மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளர். அந்த அணி தரம்சாலாவில் தென்னாப்பிரிக்காவையும் கொல்கத்தாவில் வங்கதேசத்தையும் வென்றது. நவம்பர் 12இல் சின்னசாமி மைதானத்தில் இந்தியா அதற்கு எதிராக 410 குவித்தது. ஷ்ரேயஸ் ஐயர் 128, உள்ளூர்க்காரர் கே. எல். ராகுல் 64 பந்தில் 102. நெதர்லாந்து 250 எடுத்தது.

2027 உலகக் கோப்பை மறுபடி 14 அணிகளுடன் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்க உள்ளது. தகுதிப் போட்டியிலிருந்து நான்கு அணிகள் செல்லும். முதல் இரு நாடுகளுக்கும் போட்டியை நடத்துவதாலேயே இடம் உறுதி. நமீபியா மட்டும் தன் சொந்த மண்ணில் நடக்கும் உலகக் கோப்பைக்கும் ஆடித்தான் தகுதி பெற வேண்டும்.