மேக்னெட்டோவும் மேற்குச் சென்னையும்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்தால், வேலையைப் பேசி முடித்ததும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "அண்ணே, இந்தப் பார்ட்டை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சரி பண்ணி வாங்கலாமா? திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல எவ்வளவு போடுவாங்க?" சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கஸ்டம்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு வரும் பயத்துக்கு எழுபது ஆண்டு வயது. அந்த எழுபது ஆண்டுகள்தான் பாடி முதல் ஆவடி வரை இருக்கும் எங்கள் ஊரையும் உருவாக்கின.

நான் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் பட்டறை. சிலிண்டர் போர் போடுவது, ஸ்லீவ் இறக்குவது, கிராங்க் பிரித்துச் சேர்ப்பது என் தொழில். தொழில் கற்றுத் தந்த மேஸ்திரி இரண்டாம் உலகப்போர் கால வண்டிகளிலிருந்து தொடங்கியவர். அந்த வண்டிகளிலிருந்தே இந்தக் கதையும் தொடங்குகிறது.

1945-இல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஏலத்துக்கு வந்தன. பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல் எல்லாம் அப்படித்தான் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. ஒற்றை சிலிண்டர், கனத்த ஃப்ளைவீல், மெதுவாக ஓடி நெடுநாள் உழைக்கும் என்ஜின். எம்20-க்கு 82 மில்லிமீட்டர் போர், 94 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 496 சி.சி. ஒரு பாகம் தேய்ந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் புதிது வரும். ஒரு ஸ்டெர்லிங் பவுனுக்கு 13 ரூபாய் 33 காசு என்ற கணக்கு அப்போது. பணம் இருந்தால் பாகம் கிடைத்தது.

அந்த வழி படிப்படியாக அடைபட்டது. 1947-லேயே இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1953-இல் டாரிஃப் கமிஷன் மோட்டார் தொழிலை ஆராய்ந்து, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்ற முடிவுக்கு வந்தது. வெறும் அசெம்பிளி செய்துகொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நாட்டை விட்டுப் போயின. அப்போது வர்த்தகத் தொழில் அமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு எங்கள் ஆவடியில் கூடியது. சோஷலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் இந்த மண்ணில்தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டு புதிய தொழிற்கொள்கை. 1957-இல் அந்நியச் செலாவணி வற்றிப்போனதும், இறக்குமதி லைசென்ஸ் என்பது தனி மனிதனுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, 13 ரூபாய் 33 காசாக இருந்த பவுன் ஒரே நாளில் 21 ரூபாய் ஆனது. லைசென்ஸ் வைத்திருந்தவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தயங்கினார்கள்.

கதவு மூடிய அதே ஆண்டுகளில் மேற்கே தொழிற்சாலைகள் எழுந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே தொடங்கியிருந்தது. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1960-இல் அம்பத்தூரில் டைமண்ட் செயின், அதைத் தொடர்ந்து பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த குழாய், செயின், டைனமோ, பிரேக் எல்லாம் பதினைந்தே ஆண்டுகளில் எம்.டி.எச். சாலையின் இரு பக்கத்திலும் உருவாகத் தொடங்கின. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே சரக்கு விற்க வழியில்லை. வந்து கூட்டுச் சேர்ந்து செய்து தரத்தான் வழி இருந்தது. இறக்குமதித் தடை செய்த வேலை அது.

புல்லட்டின் கதையும் இதுவேதான். 1955-இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள். 1957-இல் அச்சுகளையும் கருவிகளையும் விலைக்கு வாங்கினார்கள். 1962-இல் எல்லாப் பாகமும் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1977-இல், திருவொற்றியூரிலிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இன்று அங்கே பழைய புல்லட் வைத்திருப்பவர் தேடும் உதிரிபாகம் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போவதுதான்.

புல்லட் வைத்திருந்தவருக்கு இதனால் வாழ்வு வந்தது. பி.எஸ்.ஏ., நார்ட்டன் வைத்திருந்தவர்களுக்கு வரவில்லை. வண்டி செய்த கம்பெனிகளே எழுபதுகளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புதிய பாகம் வராது, பழைய பாகத்தை வெளியே அனுப்பவும் முடியாது. பழுதுக் கூலியை வெளிநாட்டுக்குக் கட்ட ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். ஒரு கனெக்டிங் ராடுக்காக அத்தனை படி யார் ஏறுவார்கள்? அந்த வண்டிகள் எங்கள் பட்டறைகளைத் தேடி வந்தன. ஆவடி ராணுவ டிப்போ ஏலத்தில் எடுத்தவர்கள் வந்தார்கள். பூந்தமல்லி பக்கமிருந்து நிலபுலம் உள்ளவர்கள் அப்பா ஓட்டிய வண்டியை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

மேஸ்திரி செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எம்20 சிலிண்டர் கடைசி ஓவர்சைஸையும் தாண்டித் தேய்ந்திருக்கும். அதை மேலும் குடைந்து, வார்ப்பிரும்பு ஸ்லீவ் ஒன்றை லேத்தில் கடைந்து, சிலிண்டரைச் சூடேற்றி, ஸ்லீவை அழுத்தி இறக்குவார். ஆறியபின் போர் போட்டு ஹோனிங். பிஸ்டன் எங்கே கிடைக்கும்? 1949-இல் தொடங்கிய செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் பல வகை பிஸ்டன் செய்துகொண்டிருந்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஜீப்பா, டிராக்டரா என்று பார்க்காமல், விட்டமும் பின் துளையிலிருந்து தலை வரையுள்ள உயரமும் எதில் ஒத்து வருகிறது என்று தேடுவார். பின் பருமன் ஒத்து வராவிட்டால் கனெக்டிங் ராடின் சின்ன முனைக்குப் புது வெண்கல புஷ் கடைவார். ஸ்லீவை அந்த பிஸ்டனுக்குத் தகுந்த அளவில் முடிப்பார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி. நம் ஊர் வெயிலில் என்ஜின் எவ்வளவு சூடேறும் என்பதைக் கணக்கில் வைத்து, ஆங்கிலேயன் புத்தகத்தில் போட்ட அளவைவிடச் சற்றுத் தாராளமாக விடுவார்.

கிராங்க் பின் இன்னும் கஷ்டம். அதை நல்ல எஃகில் கடைந்து, கார்பனேற்றி மேல்தோலை மட்டும் கடினமாக்கி, உள்ளே இளக்கமாக விட்டு, பிறகு கிரைண்டிங் செய்ய வேண்டும். கடினமாகாவிட்டால் நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். உள்வரை கடினமானால் ஒடிந்துவிடும். இந்த வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட் போல வாய்த்த இடம் வேறில்லை. வார்ப்படம், ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், முலாம் எல்லாம் சைக்கிளில் போய்வரும் தூரம். பெரிய கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட் கடையில், அவர்கள் சரக்கோடு எங்கள் ஒற்றைப் பின்னும் உலைக்குள் போய் வரும். கம்பெனிகள் கேட்ட தரம் எங்கள் பின்னுக்கும் கிடைத்தது. இறக்குமதித் தடை எங்களுக்குத் தந்த பெரிய கொடை இதுதான்: ஒவ்வொரு வேலைக்கும் கை தேர்ந்த ஆள் அடுத்த தெருவில் இருந்தான்.

அந்தக் காலத்தை நான் முழுக்கப் புகழ மாட்டேன். போட்டி இல்லாததால் மட்டமான ரிங்கும் பேரிங்கும் விலைபோயின. அங்குல அளவு பேரிங்குக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் இரண்டு செட் ரிங் வந்தால் அது கல்யாணச் சீர் மாதிரி. சாதாரண மனிதனுக்கு நேர்வழியை அடைத்துவிட்டு, குறுக்கு வழியைத் திறந்துவைத்தது அந்த ஏற்பாடு. அதைச் சரி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

1991-இல் அந்தச் சுவர் இடியத் தொடங்கியது. அதற்கு முன் உச்ச வரி 300 சதவீதத்துக்கும் மேல். அந்த ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அதை 150 சதவீதத்துக்குள் கொண்டுவந்தார். நம் ராஜா செல்லையா தலைமையில் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழு மேலும் குறைக்கச் சொன்னது. 1995-இல் உச்ச வரி 50 சதவீதம். 2007-க்குள் பெரும்பாலான தொழிற்பொருள்களுக்கு 10 சதவீதம். நுகர்வுப் பொருள் இறக்குமதிக்கு இருந்த லைசென்ஸ் தடைகளும் 2001 ஏப்ரலில் முடிந்தன. அதன்பிறகுதான் தனி மனிதர் ஒரு பாகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுதுபார்ப்பதைப் பற்றி யோசிக்கவே முடிந்தது.

அப்படி அனுப்பத் தகுந்தது எது? என் அனுபவத்தில் முதலிடம் மேக்னெட்டோவின் ஆர்மேச்சருக்கு. பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தரும் கருவி அது. முடியளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றி, பழைய நாளில் அரக்கில் நனைத்து முடித்திருப்பார்கள். காலப்போக்கில் சூட்டில் அரக்கு இளகி வெளியே வடியும். உள்ளே இருக்கும் கண்டென்சரும் செத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, சூடேறியதும் நின்றுவிடும். லூகாஸ் பெயர் பாடிக்கு வந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளில் மேக்னெட்டோவின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. அதனால் அந்தக் கைவேலை இங்கே வேரூன்றவில்லை. இங்கிலாந்தில் இன்னும் சில சிறு பட்டறைகள் அதையே தொழிலாக வைத்திருக்கின்றன. பழைய சுற்றை எடுத்துவிட்டு, புதிதாகச் சுற்றி, வெற்றிடத்தில் ரெசின் ஏற்றித் தருகிறார்கள். அந்த வேலைக்கு அனுப்புவதில் தவறில்லை.

இனி வரி. பழுதுக்காக வெளிநாடு போய்த் திரும்பும் பொருளுக்கு முழு மதிப்பில் வரி கிடையாது. 1996-இல் வந்த 94-ஆம் எண் சுங்க அறிவிக்கையும், ஜி.எஸ்.டி. வந்தபோது 2017-இல் அதன் இடத்தைப் பிடித்த 45-ஆம் எண் அறிவிக்கையும் சொல்வது இதுதான்: பழுதுபார்த்த நியாயமான செலவு, அதில் சேர்த்த பொருளின் விலை, போகவர ஆன கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு, இவற்றின் கூட்டுத்தொகைக்கு மட்டுமே வரி. இலவசமாகவே பழுதுபார்த்துத் தந்தாலும் நியாயமான செலவைக் கணக்கில் எடுப்பார்கள். உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் பெறும் மேக்னெட்டோவுக்குப் பழுதுச் செலவு 20,000, போகவரச் செலவு 8,000 என்றால், வரி 28,000 ரூபாய்க்குத்தான். மூன்று நிபந்தனை: போன பொருளே திரும்ப வர வேண்டும், மூன்று ஆண்டுக்குள் வர வேண்டும், இடையில் உரிமையாளர் மாறக் கூடாது.

இது தெரியாமல் நஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்மேச்சரைச் சாதாரண பார்சலாக, "பழைய இரும்பு உறுப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது, அது இங்கிருந்து போன பொருள்தான் என்று காட்ட அவரிடம் ஒரு சீட்டும் இல்லை. புதிய இறக்குமதியாகவே மதிப்பிட்டு முழு வரி வாங்கிவிட்டார்கள்.

எனவே அனுப்பப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் எஸ்டேட்டிலோ திருமழிசைப் பட்டறைகளிலோ கேளுங்கள். போர், ஸ்லீவ், கிராங்க் பின், புஷ், வால்வு கைடு எதற்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை. அந்த வேலைகளை இங்கேயே கொடுத்தால்தான் அதைச் செய்யத் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். இங்கே இல்லாத வேலைக்கு மட்டும் வெளியே போங்கள். போகும்போது ஷிப்பிங் பில்லில் "பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவர" என்று எழுதச் செய்யுங்கள். பாகத்தில் பொறித்த எண்ணை அதில் ஏற்றுங்கள். எண் இல்லாவிட்டால் ஓர் அடையாளம் குத்தி, புகைப்படத்தோடு சேருங்கள். பழுதுக் கூலி ரசீதையும் போகவர ஆன கூலிச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பொருள் திரும்பியதும் பில் ஆஃப் என்ட்ரியில் 45/2017 சலுகையைக் கேட்டு எழுதும்படி கிளியரிங் ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். நம் மேஸ்திரிகளுக்குக் கிடைக்காத உரிமை இது. காகிதம் சரியாக இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும்.