தாளில் படியாத அந்தி

மழைக்காலத்து ஞாயிறொன்றில், ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் கரையில் காமிராவை முக்காலியில் ஏற்றிவிட்டு நண்பர்கள் மூவர் காத்திருந்தோம். கதிரவன் மறைந்து கால்மணி நேரத்தில் நீர்ப்பரப்பின் செம்மை கரைந்து நீலமாயிற்று. ஷட்டரைப் பன்னிரண்டு நொடிகள் திறந்து வைத்ததில் கண்ணுக்குத் தெரிந்ததைவிட மிகுதியாகவே படத்தில் விழுந்தது. இதே வட்டாரத்து அந்தியைப் பழைய ஒளிப்படக்காரர்கள் எவ்வாறு எடுத்திருப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது அப்போதுதான்.

எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது.

கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்ட அவருடைய மதுரை, தஞ்சைப் படங்கள் பலரும் அறிந்தவை. அப்பயணத்தின் தொடக்கத்தில் அவர் படமெடுத்த இடம், ஓசூரிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள இராயக்கோட்டை. 1858இல் வெளிவந்த தொகுப்பொன்று அவ்வூரின் பெயரையே தாங்கியது. (அன்று இப்பகுதி சேலம் மாவட்டம், தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல்.)

டிரைப் கையாண்டது மெழுகேற்றிய தாள். அதில் பூசிய வெள்ளி உப்புகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும். சிவப்புக்கு அவை குருடு. நண்பகல் வெயிலிலேயே நிமிடக்கணக்கில் காமிராவைத் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே டிரைப் எதிர்ப்படிகளின்மேல் வண்ணம் தீட்டி முகில்களை உண்டாக்கினார். மெழுகுத்தாள் முறையை 1851இல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரேயின் புகழ்பெற்ற கடற்காட்சிகளில் நிலவொளி போலத் தோன்றுவதும், பகலில் கதிரவனை நோக்கி எடுத்ததன் விளைவே. 1792இல் இராயக்கோட்டைக்கு வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலுக்கும் வில்லியம் டேனியலுக்கும் இத்தொல்லை இல்லை. தூரிகைக்கு எந்த நிறமும் எட்டும்.

தகட்டுக்குச் சாயமேற்றிப் பிற நிறங்களையும் உணரச் செய்யலாம் என்று ஹெர்மன் வோகல் கண்டது 1873இல். சிவப்பையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தது 1906இல். அதன் பிறகேனும் எடுத்திருக்கலாமே எனலாம். ஆனால் சிற்றூர் ஸ்டூடியோக்களின் காமிரா மனித முகங்களையே நோக்கியது. ஏரியைப் படமெடுக்க எவர் காசு கொடுப்பார்? 1970களில் சிப்காட் வந்தது, வயல்கள் குறைந்தன. வயலுக்கு நீர் பாய்ச்சிய காலத்து ஏரிகளின் அந்தியைக் காட்டும் படம் ஒன்றைக்கூட நாங்கள் இதுவரை கண்டதில்லை.

இன்று காமிராவுக்கு எட்டாத ஒளி அநேகமாக இல்லை. மாறியிருப்பது நீர். பெங்களூரின் கழிவைச் சுமக்கும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளிக்கு வருகிறது. மதகு திறக்கும் நாட்களில் வெண்ணுரை ஆள் உயரத்துக்கும் மேலாக எழுவதுண்டு. அன்றும் எழுந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிய நண்பர், அந்திச் செம்மை ஏறி ரோஜா நிறம் கொண்ட அந்நுரையை ஒரேயொரு படம் எடுத்தார். அன்று எடுத்தவற்றுள் அழகானது அதுதான் என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு என்ன பெயரிடுவது என்பதில்தான் வாக்குவாதம். அது இன்னும் முடியவில்லை.