சுடாத மின்னிறக்கமும் மருதமுனை நூலும்

பிளாஸ்மா என்றதும் சூரியனும் மின்னலும் ஒட்டுவேலைப் பட்டறையின் சுடரும் நினைவுக்கு வருகின்றன. மூன்றும் எரிப்பவை. ஆனால் மின்னேற்றம் பெற்ற வாயு சூடாகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. சுடாத பிளாஸ்மாவை, வெற்றிடப் பம்பி எதுவுமின்றித் திறந்த காற்றிலேயே ஆக்கலாம். ஆகவே அது சிறுதொழிலுக்கும் எட்டக்கூடியது. கல்முனைக்கு வடக்கே அடுத்துள்ள மருதமுனையின் கைத்தறி அதற்கு உகந்த களம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வளிமண்டல அமுக்கத்தில் 1 மில்லிமீற்றர் காற்றிடைவெளியை மின் உடைத்துப் பாய்வதற்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோவோற்று வேண்டும். இரு மின்வாய்களும் வெற்று உலோகமாயின் ஓட்டம் கட்டுமீறி மின்வில்லாகும். இடையில் வைத்த நூல் கருகும். ஒரு மின்வாயைக் கண்ணாடியால் மூடிவிட்டால் நிலைமை மாறுகிறது. பாயும் மின்னேற்றம் கண்ணாடியின் மேல் சேர்ந்து, தன்னை உந்திய புலத்தையே எதிர்த்து, ஓட்டத்தை அணைத்துவிடுகிறது. மெல்லிய ஒளியிழை ஒவ்வொன்றின் ஆயுளும் சில பத்து நனோசெக்கன்களே. அதற்குள் இலத்திரன்கள் பல்லாயிரம் பாகைக்கு ஈடான சக்தியை அடைகின்றன. நைதரசன் மூலக்கூறோ இலத்திரனிலும் ஐம்பதாயிரம் மடங்கு கனமானது. மோதலில் இலத்திரன் அதை மிகச் சிறிதளவே அசைக்கிறது. எனவே வாயு அறைவெப்பத்தை ஒட்டியே நிற்கிறது. ஆடலோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இது மீள நிகழும். 1857இல் வேர்னர் வொன் சீமென்ஸ் ஓசோன் ஆக்கியதும் இத்தத்துவத்தாலேயே.

வெளுக்காத பருத்தித் துணியில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். அது ஊறாமல் முத்துப்போல் நிற்கும். இழையைப் போர்த்திய இயற்கை மெழுகே காரணம். அதை அகற்ற எரிசோடாக் கரைசலில் கொதிக்கவைப்பது பருத்தித் தொழிலின் வழக்கம். விறகும் நீரும் செலவாகும், கழிவும் மிஞ்சும். பிளாஸ்மாவில் பிறக்கும் ஒட்சிசன் அணுக்கள் அம்மெழுகின் மேற்பரப்பை ஒட்சியேற்றுவதால், அதே துளி பரந்து உள்ளிறங்குகிறது. இந்தியாவில் காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் இவ்வகை மின்னிறக்கத்தை அங்கோரா முயலின் உரோமத்துக்குப் பயன்படுத்தியது. வழுக்கும் இழையின் உராய்வு கூடி, நூற்பது எளிதாயிற்று.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மா தொடுவது மேற்பரப்பின் நுண்படலத்தை மட்டுமே. எரிசோடாவை அது குறைக்கலாம், முற்றாக விலக்காது. உடன் உண்டாகும் ஓசோன் மூச்சுப்பைக்குத் தீங்கு. வேலைத்தலக் காற்றில் பத்து இலட்சத்தில் 0.1 பங்கே பொதுவாக ஏற்கப்படும் வரம்பு. ஆகவே மூடிய கூடும் வெளியேற்றும் குழாயும் கட்டாயம். இவற்றிலும் பெரியது நம் கடற்காற்று. ஈரப்பதன் மிகுந்தால் ஓசோன் குறைந்து ஐதரொட்சில் கூடும்; கண்ணாடியில் படியும் உப்பு ஈரம் குடித்து மின்னைக் கசியவிடும். உலர்ந்த ஆய்வுகூடத்தில் பெற்ற அளவீடு இக்கரைக்கு அப்படியே பொருந்தாது.

இங்குதான் நமக்கான ஆய்வு இருக்கிறது. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. மருதமுனைத் தறிகள் தொலைவில் இல்லை. நெசவாளரின் நூலை, இவ்வூர்க் காற்றில், மழைக்காலத்திலும் வெயிற்காலத்திலும் அளந்து பார்க்கும் பணியை நம் பௌதிகவியல் மாணவர்கள் ஏற்கவேண்டும்.