மூன்று ஊர்களை இணைக்கும் சாலை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றுக்கும் யார்க் ஆற்றுக்கும் இடையே 23 மைல் நீளமுள்ள சோலைச் சாலையொன்று செல்கிறது. 1957-இல் முற்றுப்பெற்ற இச்சாலை ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் என்னும் மூன்று ஊர்களை இணைக்கிறது.

1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய இடம் ஜேம்ஸ்டவுன். அவர்கள் கட்டிய கோட்டையை ஆறு கொண்டுபோயிற்று என்றே நெடுங்காலம் நம்பினர். 1994-இல் தொடங்கிய அகழாய்வு அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. பின்னாளில் தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கின் மாளிகைகளைப் புகழாதார் இல்லை. விடுதலைப் போர் மூண்ட காலத்தில் அந்நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர் என்பதையும், அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகள் என்பதையும் சொல்வோர் முன்பு சிலரே.

யார்க்டவுனுக்கு வருவோம். 1781-இல் காரன்வாலிஸ் பிரபுவின் ஆங்கிலப் படை இங்கே முற்றுகையிடப்பட்டது. விடுதலை கிட்டுமென நம்பி அடிமைகள் பலர் அப்படையை அண்டியிருந்தனர். உணவு குறைந்து பெரியம்மையும் பரவவே, அவர்களுட் பலரைப் படையினர் வெளியே துரத்தினர். காட்டிலும் வழியிலும் பலர் மாண்டனர். அக்டோபர் 19-இல் படை சரணடைந்தது. உடல்நலமில்லை என்று கூறிய காரன்வாலிஸ், தமக்குப் பதில் துணைத்தளபதியை அனுப்பினார்!

அதே காரன்வாலிஸ் 1786-இல் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டுக்கு வந்தார். 1792-இல் திப்பு சுல்தானின் மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்றார். அக்காட்சியைப் பீடத்தில் தாங்கிய அவருடைய பளிங்குச் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.